அம்மை கண்ட வீட்டின் கதவு

தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டுத் திறக்காமல் நின்றேனே, அது அம்மைக்குப் பயந்தா, அதிகாரிகளுக்குப் பயந்தா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மலேசியாவில், லாபு பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தின் பழைய லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறோம். கணவருக்குப் பக்கத்து ஊரான நீலாயில் தொழிற்சாலை வேலை. பக்கத்து வீட்டில், இந்தோனேசியாவிலிருந்து வந்து, தோட்டத்தில் உதிரும் செம்பனைப் பழம் பொறுக்கும் ஓர் அக்கா இருந்தார். என் மகள் கைக்குழந்தையாய் இருந்தபோது, பால் குடிக்காமல் அழுத நாள்களில், வேலை முடிந்து கைகால் கழுவிவிட்டு வந்து, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்தைச் சுற்றுவார். நான் தெர்மாமீட்டரோடு பின்னாலேயே போவேன்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் இல்ல தங்கச்சி, உனக்குத்தான்" என்று தோட்டத்தில் கற்ற தமிழில் கிண்டல் செய்வார். அவர் இல்லாவிட்டால் அந்த வருடத்தை நான் தாண்டியிருக்க மாட்டேன்.

மகளுக்கு இரண்டு வயதில் அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை யாரையும் உள்ளே விடக்கூடாது என்று மாமியார் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்காவுக்கும் அந்த வழக்கம் தெரியும். தினமும் காலையில் ஓர் இளநீரைப் படியில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமலே போய்விடுவார்.

அந்தச் சமயத்தில் தோட்டத்தில் ஆட்குறைப்பு. அக்கா உட்பட வெளிநாட்டவர் பலருக்கு வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை. நம் ஆட்களுக்கே வேலை இல்லை, இவர்கள் எதற்கு என்று கடையில் பேசிக்கொண்டார்கள். நான் மறுத்துப் பேசியதில்லை.

ஐந்தாம் நாள் காலை கதவு தட்டப்பட்டது.

"தங்கச்சி, வந்துட்டாங்க. கொஞ்சம் கதவ தெற."

பெர்மிட் இல்லாதவர்களைப் பிடிக்க வரும் அதிகாரிகளின் லாரிச் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளில் கை வைத்தேன்; திறக்கவில்லை. இன்னொரு முறை தட்டினார். பிறகு காலடிச் சத்தம் விலகியது. ஜன்னல் இடுக்கில் பார்த்தபோது, அவரையும் இன்னும் சிலரையும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

சில மாதங்கள் தடுப்பு முகாமில் இருந்தபின் ஊர் போய்ச் சேர்ந்தவர், போன வாரம் வீடியோவில் அழைத்தார். முதலில், மகளின் முகத்தில் தழும்பு இருக்கிறதா என்று காட்டச் சொன்னார். ஒன்றுகூட இல்லை என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் அந்தப் பேச்சு வந்தது.

"அன்னிக்கு நீ தூங்கிட்டது நல்லதுலா. தெறந்திருந்தா உன்னையும் புடிச்சிருப்பான்."

ஆமாம் அக்கா, தூங்கிவிட்டேன் என்றேன்.

என் பிள்ளையைச் சுமந்த அந்தத் தோளுக்கு ஆயுள் முழுக்க நன்றி சொல்லக் கடமைப்பட்டவள் நான். அவரிடமே பொய் சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் என் மனசு லேசாகலாம். ஆனால் இங்கே ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்ற நினைப்பை அவரிடமிருந்து பறித்துவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி அழைப்பார். என் இடத்தில் நீங்கள் இருந்தால் சொல்வீர்களா? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.