நான் தலையாட்டிய மழைநாள்

நான் தலையாட்டினேன். ஆமாம் என்று... என் மேல் விரல்கூடப் படாத ஒரு மனிதரைக் காட்டி, 'இவன்தானா?' என்று கேட்டபோது, ஆமாம் என்று தலையாட்டினேன்!

வாய் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லையே என்று எத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருப்பேன், தெரியுமா உங்களுக்கு? வாயால் சொன்னால்தான் பொய்யா? தலை என்னுடையதுதானே!

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு நாலைந்து வருடம் முன்பு. ஆடிப் பதினெட்டுக்காகப் பென்னாகரத்துப் பக்கமிருந்து எங்கள் வண்டிகள் ஒகேனக்கல்லுக்குப் போயின. எனக்குப் பதினைந்து வயது. அம்மாவின் தம்பிக்கே என்னை நிச்சயம் செய்து, ஆவணியில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். நிச்சயமான பெண் ஆற்றில் தலைமுழுகியதும் பெண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட வேண்டும். தாலி ஏறும் வரை தனியாக ஓரடி நகரக் கூடாது. எங்கள் சனத்தில் அப்படி ஒரு கண்டிப்பு.

நான் நகர்ந்தேன். அருவியைக் கிட்டத்தில் பார்க்க ஆசை, வேறென்ன!

பாறைகளுக்கு மேல் தண்ணீர் புகையாய் எழும்பி நின்றது. எது பாறை, எது வானம் என்று தெரியவில்லை. தூக்கத்தில் நடப்பவளைப் போல அதற்குள் நடந்துகொண்டே போனேன்... திரும்பிப் பார்த்தால் வண்டிகளும் இல்லை, சனங்களும் இல்லை. சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

அங்கே மணலில் ஒரு பரிசல்காரர் இருந்தார். நாற்பது வயது இருக்கலாம். பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் நடுங்குவதைப் பார்த்துத் தம்முடைய தோல் பரிசலைக் கவிழ்த்து, ஒரு பக்கம் துடுப்பை முட்டுக்கொடுத்து நிறுத்தினார்.

“உள்ளார குந்திக்க பாப்பா. மழ வுட்டதும் உங்க சனத்துகிட்ட கொண்டாந்து வுடறேன்.”

நான் உள்ளே. அவர் வெளியே, கொட்டுகிற மழையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எந்த ஊர், யார் மகள், ஏன் வந்தாய்... ஒன்றும் கேட்கவில்லை. மடியிலிருந்த வறுத்த கடலைக்காயைப் பின்பக்கமாகவே கையை நீட்டிக் கொடுத்தார்.

ஐயோ, அந்த அரை மணி நேரம்! தலைக்கு மேல் தோலில் மழை தட்டிக்கொண்டே இருந்தது. விளிம்புக்குக் கீழே ஒரு கீற்று வெளிச்சம். அதில் அவருடைய ஈரமான இரண்டு குதிகால்கள். நான் யாருக்கும் மகளில்லை, மருமகளில்லை, யார் கண்ணிலும் படவில்லை... அப்படி ஒரு நிம்மதி அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

எனக்கு நிச்சயமாகியிருந்த மாமனும் நாலு ஆட்களும் தேடி வந்து பரிசலைப் புரட்டினார்கள்.

“இவன்தான் உன்ன இழுத்தாந்தானா? சொல்லு!” மாமன் கையில் அரிவாள்.

“நான் ஒண்ணும் பண்ணலீங்க சாமி. மழையில நனையுதேன்னு குந்த வெச்சேங்க. புள்ளையவே கேளுங்க!”

என்னைக் கேட்டார்கள். நானாகத்தான் வந்தேன் என்று சொன்னால் கல்யாணம் நின்றுபோகும், அப்பன் முகம் தொங்கிப்போகும், எனக்கு முதுகுத்தோல் உரியும்... இவ்வளவும் ஒரு நொடியில் தோன்றியது. அந்த மனிதருக்கு என்ன ஆகும் என்பது தோன்றவில்லை. தலையாட்டினேன்.

அடித்தார்கள். பரிசலின் தோலை மாமன் அரிவாளால் குறுக்கே கிழித்தார். கீழே கிடந்தவர் என்னைப் பார்த்தார். ஒரு வசவு வைதிருந்தால் இத்தனை வருடத்தில் மறந்திருப்பேனோ என்னவோ...

“புள்ள நனையுதுங்க... மொதல்ல கூட்டிட்டுப் போங்க,” என்றார். பாவி, அதைத்தான் சொன்னார்!

ஆவணியில் கல்யாணம் நடந்தது. என் கணவர் என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. ஆபத்திலிருந்து மீண்டு வந்தவள் என்று என் மேல் தனிப் பிரியம். அந்தப் பிரியத்தில்தான் இத்தனை காலம் சோறு தின்றேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது அக்கரையில் ஒரு கல்யாணத்துக்காக அதே துறைக்குப் போனோம். தூறிக்கொண்டிருந்தது. மூட்டையோடு ஓர் அம்மாள் கரையில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அக்கரையில் மகளுக்கு வலி கண்டுவிட்டதாம், விடியலிலிருந்து நிற்கிறாளாம். ஒருவரும் ஏற்றவில்லை.

“ஒத்தப் பொம்பளைய ஏத்தறதில்லீங்க,” என்றான் எங்களுடைய பரிசல்காரன். “முன்ன எங்காளு ஒருத்தரு மழையில ஒரு புள்ளைய பரிசலுக்கடியில குந்த வெச்சாரு. அந்தப் புள்ள பொய் சொல்லிடுச்சு. அதோட அவரு ஊர வுட்டே போயிட்டாரு. அன்னிக்கு வெச்ச கட்டுப்பாடுங்க.”

என் கணவர் என் பக்கம் குனிந்து, “இவனுங்க அப்படித்தான் சொல்லுவானுங்க, நீ மனசுல வெச்சுக்காத,” என்றார். எவ்வளவு இதமாகச் சொன்னார்! அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்... திறக்கவில்லை. “அந்தம்மா எங்ககூட வரட்டும்,” என்று மட்டும் சொன்னேன்.

அக்கரையில் இறங்கியதும் அந்த அம்மாள் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

“முன்ன பின்ன தெரியாத எனக்கு யாரு செய்வா இத! உம் பேரு என்ன தாயி? பொறக்கறது பொண்ணா இருந்தா அதையே வெக்கிறேன்.”

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னேன்.

பெண்தான் பிறந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். நல்ல மனுஷி ஒருத்தியின் பெயர் என்று அந்தக் குழந்தையிடம் சொல்லித்தானே வளர்த்திருப்பார்கள்!