ரோலின் முதல் பத்து மீட்டர்

அடையாற்றங்கரை வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்தில் குடியேற்றிய பிறகு, பொன்மணிக்கு வேலைக்குப் போக இரண்டு பஸ் ஆகிவிட்டது. கிண்டியில் ஒரு மருந்துக் கம்பெனி. ஒன்பது வருஷமாக அங்கே வெட்டும் மெஷினில் நிற்கிறாள். குழந்தைகளுக்கு வாந்தி நிற்க நாக்கில் வைக்கிற, தபால்தலை அளவு ஃபிலிம். வைத்ததும் கரைந்துவிடும். மருந்துக் கரைசலைத் தொட்டியிலிருந்து வடித்து, மெல்லிய தாளாகக் காயவைத்துச் சுருட்டிய ரோல்தான் அவள் மெஷினுக்கு வரும். ஒவ்வொரு துண்டிலும் மருந்து ஒரே அளவு இருக்கவேண்டும்.

அந்த மாதம் மூன்றாவது பேட்சும் சோதனையில் தேறவில்லை. சில துண்டில் மருந்து கூடுதல், சிலவற்றில் குறைவு. மேனேஜர் சாய்நாத் நேரே பொன்மணியிடம் வந்தார்.

"கவனமே இல்ல. சைஸ் மாத்தி வெட்டுற."

"ஸ்கேல் வச்சுப் பாரு சார்," என்றாள். அவர் பார்க்கவில்லை. வீணான பேட்சை மூட்டை கட்டும் வேலையும் அவள் தலையில் விழுந்தது.

சோதனைக்கூடத்து ஸ்ரீரஞ்சனி அங்கே வந்தாள். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத முகம்.

"உங்க மேல தப்பில்ல. நான் அளந்துட்டேன், சைஸ் சரியா இருக்கு. வேற எங்கேன்னுதான் புரியல."

பொன்மணி மூட்டையை இறக்கி வைத்தாள். "ரோல் ஆரம்பத்துல வர்றது வெள்ளையா கீது மேடம். கடைசில வர்றது கண்ணாடியாட்டம் கீது. தொட்டி கழுவ சொல்லோ அடியில மாவு மாரி ஒட்டிக்கினு கீது."

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"யாரு மேடம் கேட்டாங்க?"

ஸ்ரீரஞ்சனி அவளையும் கூட்டிக்கொண்டு நேரே தொட்டியருகே போனாள். கரைசலில் குமிழி போகட்டும் என்று கலக்குவதை நிறுத்தி இரண்டு மணி நேரம் விடுவது அங்கே வழக்கம். அதற்குள் மருந்துத்தூள் அடியில் இறங்கிவிடுகிறது. வடிக்கிற குழாயும் அடியில்தான். இருவரும் ஒரு ரோலை வரிசைப்படி எண் போட்டு வெட்டினார்கள். முதல் பத்து மீட்டரில் மருந்து அதிகம். போகப்போகக் குறைந்துகொண்டே வந்தது.

அடுத்த பேட்சுக்கு, குமிழி போவதற்காகத் தொட்டியை மூடிக் காற்றை உறிஞ்சி எடுத்தார்கள். கலக்கும் துடுப்பையும் நிறுத்தாமல் மெதுவாகச் சுற்றவிட்டார்கள். சோதனைக்கு எடுத்த பத்து மாதிரியும் தேறின.

"உனக்குத்தான் தெரியுதே, தொட்டியையும் நீயே பாத்துக்கோ," என்றார் சாய்நாத். திட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பொன்மணிக்குக் கோபம்கூட வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும். "சரி சார். குந்திக்கினு பாக்க ஒரு ஸ்டூல் மட்டும் குடு."

எட்டு நாளாகியும் ஸ்டூல் வரவில்லை. ஒன்பதாம் நாள் ஸ்ரீரஞ்சனியே தன் மேஜையடியிலிருந்து ஒன்றைத் தூக்கி வந்து போட்டாள்.