காருக்குத் தடவிய மீன் எண்ணெய்

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் நான் வாடகைக் கார் ஓட்டினேன். கார் பழசு. அதை வாங்குவதற்காக என் அண்ணன் தன் வள்ளத்தை விற்றார். சங்கு குளிக்கப் போகிற வள்ளம் அது. கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது. கரை மறைவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். 'இவன் கடலுக்கு லாயக்கில்ல, ரோட்டுல பொழைக்கட்டும்' என்று அவரே முடிவு செய்து, அவரே விற்று, பிறகு இன்னொருவர் வள்ளத்தில் கூலிக்குப் போனார். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் அது உறுத்தும். உறுத்தல் இருக்கிறவன் வாயை அடக்க வேண்டும். எனக்கோ வாய்தான் நீண்டது.

அந்த வருஷம் மழைக்காலம் தொடங்கியதும் காருக்கு என்னவோ ஆகிவிட்டது. கருப்பட்டி வியாபாரி ஒருவரை உடன்குடியிலிருந்து ஏற்றி வரும்போது, வேகமுள் நாற்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கியது. வேகத்தைக் குறைத்தால் நடுக்கமும் நின்றுவிடும். பாலத்து ஏற்றத்தில் மூன்றாம் கியர் போட்டால் இஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. பின்சீட்டிலிருந்தவர், "அண்ணாச்சி, வண்டிக்குக் குளிர்காய்ச்சலா?" என்றார். வந்த கோபத்தில் கியரை இரண்டுக்கு இறக்கி மிதித்தேன்.

அவரை இறக்கிவிட்டபின், கோளாறை நானே கண்டுபிடித்துவிடலாம் என்று கிளம்பினேன். நல்ல வேகத்தில் போகும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளினேன். நடுக்கம் போகவில்லை. அப்படியானால் அது இஞ்சினிலும் இல்லை, கியர்பாக்ஸிலும் இல்லை. முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போட்டேன். நடுக்கம் ஸ்டியரிங்கை விட்டுப் பின்சீட்டுக்கு அடியில் போயிற்று. கோளாறு சக்கரத்தில் என்று தெரிந்தது, என்ன கோளாறு என்று தெரியவில்லை. ரிம்மின் உள்பக்கம் செம்மண் அப்பியிருந்ததைப் பார்க்கத்தான் செய்தேன். மழைக்காலத்தில் தேரிக்காட்டுச் செம்மண் மேடுகளில் போய்வந்த எந்த வண்டியில்தான் அப்பாது என்று விட்டுவிட்டேன். ஏற்றத்தில் இழுக்காதது ஏன் என்பதும் பிடிபடவில்லை.

கடைசியில் மில்லர்புரத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் தட்டை வெளியே எடுத்தான். தட்டு முழுக்க எண்ணெய்.

"இது இஞ்சின் ஆயில் இல்ல அண்ணாச்சி. மோந்து பாருங்க" என்றான்.

மோந்து பார்த்தேன். மீன் எண்ணெய். உடனே போய் ரிம்மிலிருந்த செம்மண்ணைச் சுரண்டி மோந்தேன். அதே வாடை. எண்ணெயில் ஊறிய மண் கல்லாக இறுகி, ஒரு பக்கம் உதிர்ந்து, மறுபக்கம் தடியாக நின்றது. அந்தப் பக்கத்துக் கனம்தான் சக்கரத்தை ஆட்டியிருக்கிறது.

யார் வேலை என்று கேட்கத் தேவையில்லை. எங்கள் கரையில் மழைக்கு முன்னால் வள்ளத்துக்கு மீன் எண்ணெய் பூசுவார்கள். பலகை இடுக்குகளில் துணியை முக்கிப் பிழிந்து நன்றாக இறங்கவிடுவார்கள். நான் மத்தியானம் தூங்கிய நேரம் பார்த்து அண்ணன் காருக்கு அடியில் படுத்து, ரிம் வரைக்கும் பூசியிருக்கிறார். கிளட்ச் கூட்டின் ரப்பர் மூடி கிழிந்து ஒரு ஓட்டை இருந்தது. இடுக்கு என்று நினைத்து அதற்குள்ளும் பிழிந்துவிட்டிருக்கிறார். எங்கள் தெருவே மீன் வாடை, அதனால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

வண்டியைப் பட்டறையில் விட்டு, பேசியிருந்த சவாரியை வேறொருவனுக்கு மாற்றிவிடக் கார் ஸ்டாண்டுக்குப் போனேன். கடலிலிருந்து திரும்பிய அண்ணன் கையில் ஒரு ஊளிமீனோடு அங்கே வந்தார்.

"என்னலே, வண்டி எங்க?"

"நீ தடவுன எண்ணெயில படுத்துக் கெடக்கு. ஏண்ணே, ஒனக்குக் கிறுக்கா? அது காரு, வள்ளமில்ல. வள்ளந்தான் போயாச்சுல்லா, இன்னும் என்ன?"

மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். அண்ணன் மீனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"மழை வருதேன்னு தடவுனேன்லே. அடி துருப்புடிச்சிரக் கூடாதுல்லா" என்றார்.

வள்ளம் போயாச்சு என்பதை வாய் தவறிச் சொன்னேன் என்றால் பொய். வலிக்கட்டும் என்றே சொன்னேன்.

மறுநாள் காலையில் அவர் பட்டறைக்கு வந்தார். வள்ளத்தடியில் ஒட்டுகிற சிப்பியைச் சுரண்டும் இரும்புத் தகடு கையில் இருந்தது. கடலுக்குப் போகவில்லை. மெக்கானிக் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் தரையில் உட்கார்ந்து நாலு ரிம்மையும் சுரண்டித் துடைத்தார். புதுக் கிளட்ச் தட்டு போட்டாயிற்று. வண்டி ஏற்றத்தில் இழுத்தது, நாற்பதைத் தாண்டியும் ஸ்டியரிங் அசையவில்லை.

"ஏறுண்ணே, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"மேலெல்லாம் எண்ணெய்லே. சீட்டு அழுக்காயிரும். நீ போ."

நடந்தே போனார். அதற்குப் பிறகு அந்தக் காரின் கதவைக்கூட என்னைக் கேட்காமல் அவர் தொட்டதில்லை.

அன்றைக்கு மதினி, என் அண்ணன் மனைவி, எனக்குச் சோறு போட்டுவிட்டுச் சொன்னார்: "அவுக தடவுன எண்ணெய் கடைசி டின்னு தம்பி. வள்ளத்த வாங்குனவுக எண்ணெயையும் கேட்டாக. இவுக குடுக்கமாட்டேன்னுட்டாக. தம்பி வண்டிக்கு வேணும்னு கட்டிலுக்கடியில வச்சிருந்தாக."

முந்தின நாள் அவர் கொண்டுவந்த ஊளிமீன் குழம்புதான். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் யாருக்குமே தெரியாது.

அடுத்த மழைக்கு முன்னால் நானே ஒரு டின் மீன் எண்ணெய் வாங்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"அண்ணே, வண்டிக்கு அடியில தடவணும். ரிம்மும் ஓட்டையும் விட்டுட்டு மத்த எடத்துல தடவலாம்னு மெக்கானிக் சொல்லுதான்."

அவர் மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தார். நல்ல எண்ணெய்தான் என்றார்.

"காருக்கு வேண்டாம்லே. வீணாப் போவண்டாம், நான் கொண்டுபோறேன்."

அன்று மத்தியானம் சவாரியோடு கடற்கரைச் சாலையில் வந்தேன். அவர் கூலிக்குப் போகிற வள்ளத்தைக் கரையேற்றிச் சாய்த்து வைத்திருந்தார்கள். அண்ணன் அதற்கு அடியில் மல்லாந்து படுத்து, நான் வாங்கிக் கொடுத்த எண்ணெயை இடுக்கு இடுக்காகப் பிழிந்துகொண்டிருந்தார். ஹாரனுக்குக் கை போயிற்று. அடிக்கவில்லை. வண்டி கொஞ்சம்கூட நடுங்காமல் போய்க்கொண்டிருந்தது.