நான் பிழையாக அடித்த இலக்கம்

ஒன்பது வருடங்களுக்கு முன்பு, வெள்ளவத்தையில் ஒரு அறையில் தங்கியிருந்து, புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலை பார்த்த காலம் அது. நீதிமன்ற மதிலோரத்துத் தேத்தண்ணிக் கடையும், ஃபோட்டோகொப்பி இயந்திரத்தின் சூட்டு மணமும், கறுப்புக் கோட்டுகள் நெரிபடும் அந்தச் சின்ன ஒழுங்கையும் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கின்றன. வயது இருபத்திரண்டு. வேகமாக அடிப்பேன் என்று கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

கொட்டாஞ்சேனையில் முச்சக்கர வண்டி ஓட்டும் ஒருவரைத் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்து விளக்கமறியல் சிறையில் வைத்திருந்தார்கள். நீதவான் பிணை மறுத்துவிட்டார். அந்தக் கட்டளையை மீளாய்வு செய்யக் கேட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போன மனுவை நான்தான் அடித்தேன். அதில் நீதவான் நீதிமன்ற வழக்கின் இலக்கத்தில் இரண்டு எண்களை இடம் மாற்றிவிட்டேன். விசாரணையன்று வேறு யாருடையதோ வழக்குக் கோவை வந்து சேர்ந்தது. வழக்கு இரண்டு வாரம் தள்ளிப்போனது.

வண்டிக்காரரின் மனைவி வெளியே மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார். கோவை வரவில்லை என்று மட்டும் சொல்லும்படி சட்டத்தரணி என்னை அனுப்பினார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பொய் வரவில்லை.

"அக்கா, நம்பரை நான்தான் பிழையா அடிச்சனான். அதாலதான் தள்ளிப் போட்டவை."

ஏசுவார் என்று நின்றேன். அவர் என் கையிலிருந்த மனுவின் பிரதியைக் காட்டினார்.

"இத்தனை நாளா ஏன் எதுக்குண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லல்ல புள்ள. அந்தப் பேப்பர்ல என்ன இருக்குண்டு வாசிச்சுச் சொல்லுங்க."

மனு ஆங்கிலத்தில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். நிரந்தர வதிவிடம் இல்லாதவர், தலைமறைவாகிவிடுவார் என்றுதான் பிணை மறுக்கப்பட்டது என்ற இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கலியாணம் கட்டின நாளிலிருந்து ஒரே வீடுதானாம். வீட்டிலக்கம் மட்டும் இடையில் மாறியதாம். பழைய இலக்கத்தோடு தேடிப் போன பொலிஸாருக்கு வீடு கிடைக்கவில்லை.

மறுநாளே இரண்டு இலக்கங்களும் உள்ள கரண்ட் பில்களையும் வதிவிடத்தை உறுதிசெய்யும் கிராம சேவகரின் கடிதத்தையும் கொண்டுவந்தார். சட்டத்தரணி அவற்றை மனுவோடு சேர்த்தார். அடுத்த விசாரணைத் தவணையில் நீதிபதி அவற்றைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிணை கிடைத்தது.

அவர் சிறையிலிருந்து வெளியே வந்த பிறகு, கணவனும் மனைவியுமாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். "வாசிச்சுக் காட்டின புள்ள இதுதான்" என்று அக்கா என்னைக் காட்டினார். கணவர் கைகூப்பிவிட்டு, போன கிழமைதான் மகள் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனாள் என்றார்.

"அழாமப் போனாளாம். நாந்தான் பாக்கல்ல," என்று சிரித்தார்.

என் பிழையை அக்கா அவரிடம் சொல்லவேயில்லை என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. நானும் அன்று வாய் திறக்கவில்லை.

இன்றும் இதே வேலைதான் செய்கிறேன். உரியவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டாமல் எந்த மனுவையும் கையெழுத்துக்கு அனுப்புவதில்லை. ஆனாலும் தள்ளிப்போன அந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு தகப்பன் பார்த்திருக்கவேண்டிய ஒரு காலைப்பொழுது என் இரண்டு விரல்களால் இல்லாமல் போனதே என்ற நினைப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.