பல்பு எரியும் அலமாரி

எனக்கும் அக்காவுக்கும் பொதுவானவை ஒரு ஸ்கூட்டரும் ஓர் அலமாரியும்தான். மற்ற எல்லாவற்றிலும் எதிரும் புதிரும். அவள் எங்கள் மாதா கோவில் பாடகர் குழுவை நடத்துகிறாள். நான் ஹேடோ துறைமுகத்தில் வேலை முடிந்து வந்ததும், கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து வரவழைத்த சீக்வென்சரையும் சின்ன சிந்தசைசரையும் நோண்டிக்கொண்டிருப்பவள்.

சீக்வென்சர் தானாகப் பாடாது. எந்த ஸ்வரம் என்பதை வோல்டேஜாகச் சொல்லியனுப்பும், சிந்தசைசர் பாடும். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி மேலே. திருவிழாப் பூசையில் ஒரே ஒரு பாட்டுக்கு இவற்றைச் சேர்க்க அக்கா சம்மதித்திருந்தாள்.

"ஏட்டி, சுருதி பெசகுனா டப்பாவ பந்த் பண்ணிருவேன். பொறவு கோயில் பக்கமே கொண்டாரக் கூடாது, சமஜா?"

சொன்னால் செய்கிறவள். எனக்குப் பயம்தான்.

ஒத்திகைக்குக் கிளம்புமுன் வீட்டில் வாசித்துப் பார்த்தால் மேல் ஸ்தாயியில் சுருதி இறங்கிக் கேட்கும். சீக்வென்சரின் அவுட்புட் லெவலை மயிரிழை ஏற்றுவேன். அக்காவின் கீபோர்டோடு கச்சிதமாகச் சேரும். கோவிலில் மற்ற பாட்டுகள் முடிந்து என் முறை வரும்போது அதே ஸ்வரம் ஏறிப் போயிருக்கும். பாடிக்கொண்டே அக்கா திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். அங்கேயே லெவலை இறக்குவேன். மறுநாள் வீட்டில் மறுபடி இறங்கிக் கேட்கும்.

பயத்தைவிட வேடிக்கைதான் அதிகமாக இருந்தது. கோவில் கரண்டைச் சந்தேகித்து பேட்டரியில் ஓட்டினேன். ஸ்கூட்டர் குலுக்கலைச் சந்தேகித்து, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். பலனில்லை. கடைசியில், ஜங்லிகாட் கடையில் வோல்ட் மீட்டர் வாங்கி, லெவலைத் தொடாமல் இரண்டு இடத்திலும் அளந்தேன். ஒரே வோல்டேஜ். அப்படியானால் சீக்வென்சர் சரியாகத்தான் சொல்கிறது, கேட்டுப் பாடுகிற சிந்தசைசர்தான் மாறுகிறது. ஏன் மாற வேண்டும்?

திருவிழாவன்று காலை, சிந்தசைசரை அலமாரியிலிருந்து எடுத்தபோது உள்ளங்கையில் சூடு தெரிந்தது. இன்னும் ஸ்விட்சே போடவில்லை.

பல்பு! இந்தத் தீவின் ஈரத்துக்குத் துணியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிடுவது எங்கள் வழக்கம். சூட்டில் சிந்தசைசருக்கு ஒரு ஸ்தாயி ஏற ஒரு வோல்டுக்கு மேல் தேவைப்பட்டிருக்கிறது. கோவிலில் ஆறியதும் நான் கூட்டிவைத்தது அதிகமாகிவிடுகிறது.

சிந்தசைசர் பெட்டி வந்த அன்றே, தன் பட்டுப்புடவைகளை மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டு, பல்புக்குப் பக்கத்தில் அதற்கு இடம் கொடுத்தவள் அக்கா. அதுவரை நான் அதை நினைத்தே பார்க்கவில்லை. சிரிப்பு வந்தது.

இரண்டையும் மேஜைமேல் வைத்து ஓடவிட்டேன்.

"வெளியவா வச்சிருக்க? பூஞ்சை புடிச்சிரும்லா!"

"இன்னைக்கு மட்டும்க்கா."

பல்புச் சூடு நன்றாக ஆறியபின், மத்தியானம் மீட்டரைப் பார்த்து லெவலை ஸ்தாயிக்குச் சரியாக ஒரு வோல்டுக்கு இறக்கினேன். கீபோர்டோடு சேர்ந்தது.

மாலைப் பூசையில் பாட்டு மேல் ஸ்தாயிக்கு ஏறியபோது என் கண் அக்காவின் பின்கழுத்திலேயே இருந்தது. அவள் திரும்பவில்லை. பாட்டு முடிகிறவரை திரும்பவே இல்லை.

வீடு திரும்பும் வழியில் பல்பு விஷயத்தைச் சொன்னேன். ஸ்கூட்டர் ஓட்டியபடி கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை முந்தானையால் துடைத்து, பல்புக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பாட்டு இருக்கு. காலைலயே எடுத்து வெளிய வையி."