வடக்குச் சுவர் ஓரத்து மணவறை

மலாக்காவில், காஜா பெராங் சாலையோரம் எங்கள் கிட்டங்கி இருந்தது. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் நாற்காலி, கூடாரம், அண்டா, ஜமக்காளம் வாடகைக்கு விடுகிற கடை. சாமான்களுக்குப் பொறுப்பு நான். எது எங்கே இருக்கிறது என்று யார் கேட்டாலும் கண்ணை மூடுவேன். உள்ளே கிட்டங்கி மெல்ல விரியும். தகரக் கூரையின் ஓட்டை வழியாக வெயில் விழுகிற இடம்கூடத் தெரியும். அப்படியே நடந்துபோய், "மூணாவது தட்டு, பெரிய அண்டாவுக்குப் பின்னால" என்பேன். போய்ப் பார்த்தால் இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சமென்ன, நிறையவே.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். "மெர்டேக்கா வந்தா ஊரு பூரா கூட்டம் லா. நாற்காலி இல்லாம கூட்டம் ஏது?" என்றார் முதலாளி. புக்கிட் ரம்பாயிலும் செங்கிலும் கிளை திறந்தார். மூன்று இடத்துக்கும் டெலிபோன் சொல்லிவைத்தார். அதோடு விடவில்லை. சாமானுக்கு ஒரு அட்டை என்று எல்லாம் எழுத்தில் ஏற வேண்டும், அட்டைகளை அடுக்கிய பெட்டி எங்களிடம் இருக்கும், எந்தக் கிளையிலிருந்து கேட்டாலும் பெட்டியைப் பார்த்து உடனே பதில் சொல்ல வேண்டும். சாமானைக் கண்ணால் பார்க்காமலே கிளைக்காரர்கள் வாக்குக் கொடுத்துவிடலாம்.

"இனிமே எதுவும் உன் மண்டையில மட்டும் இருக்கக்கூடாது" என்றார் என்னிடம். எனக்குச் சுருக்கென்றது. "அட்டையெல்லாம் முடியட்டும், டெலிபோன்ல பதில் சொல்றது நீதான்" என்று சமாதானமும் சொன்னார்.

அட்டை எழுத ஒரு பெண் வந்தாள். பக்கத்துச் செட்டிக் கம்பத்துப் பெண், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வியாபாரிகளின் வம்சம். எங்களைப் போலவே அவர்களுக்கும் கோயில் உண்டு, பொங்கல் உண்டு. பேச்சு மட்டும் மலாய், நடுநடுவே ஒன்றிரண்டு தமிழ்ச் சொற்கள். எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் நான் சொல்வேன், அவள் எழுதுவாள். அவள் சொன்னதை இங்கே தமிழில்தான் தருகிறேன். அந்தக் குரலின் இழுப்பு இதில் வராது, என்ன செய்வது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அவள் என்னை ஒரு தடவைகூட 'அண்ணே' என்று கூப்பிடவில்லை. அதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஒரு நாள் எழுதி முடித்த அட்டைகளை எண்ணி வைத்துவிட்டு, "எழுத வேண்டிய சாமான் தீர்ந்தா என் வேலையும் தீர்ந்துடும்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். வீட்டில் அம்மா, இரண்டு தம்பிகள், சம்பாதிக்கிறவள் இவள் ஒருத்தி. அவள் இல்லாத கிட்டங்கியை நினைத்துப் பார்க்கக் கண்ணை மூடினேன். ஒன்றுமே தெரியவில்லை. காதலா என்று கேட்டால், ஆமாம், வேறென்ன.

மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு இல்லாத சாமான்களைச் சொல்ல ஆரம்பித்தேன். முதலில் பயந்து பயந்து ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. பிறகு துணிச்சல் வந்துவிட்டது. ரோஜா நிறக் கண்ணாடி விளக்குகள், யானை போட்ட ஜமக்காளம் என்று நாளுக்கு ஒன்றிரண்டாகச் சேர்த்தேன். கடைசியில் ஒரு மணவறை. மயில் தோகை விரித்த மாதிரி பின்பலகை, பச்சையும் நீலமும், ஓரத்தில் கொஞ்சம் தங்கம், வடக்குச் சுவர் ஓரம். சொல்லச் சொல்ல அது எனக்கே தெரிந்தது. அதில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவள் எழுதி முடித்து, மை காயும்வரை அந்த அட்டையை ஊதிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் டெலிபோன் வந்துவிட்டது. முதலாளிக்குப் பொறுக்கவில்லை, அவரே பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு கிளைகளுக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். கல்யாணத்துக்கு மணவறை வேண்டும் என்று புக்கிட் ரம்பாயிலிருந்து கேட்டார்களாம். என் மயிலைப் படித்துக் காட்டிவிட்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் லோரி வந்து நின்றது. வடக்குச் சுவர் ஓரம் ஒட்டடைதான் இருந்தது. லோரியிலேயே கல்யாணப் பெண்ணின் அப்பாவும் வந்திருந்தார், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். "மயிலு வருதுன்னு மவகிட்ட சொல்லிட்டேங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

முதலாளி அட்டையோடு அவளிடம் போனார். "கையெழுத்து உன்னோடது. இல்லாத சாமான் எப்படி அட்டையில வந்துச்சு?"

என்னைக் கைகாட்டினால் போதும், அவள் தப்பித்துவிடலாம். தலையைக் குனிந்துகொண்டு நின்றாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. "நாளையிலேருந்து..." என்று முதலாளி ஆரம்பித்தார். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அன்று அது என் மேலேயே வந்தது.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல, முதலாளி. நான்தான் இல்லாததைச் சொல்லி எழுத வச்சேன்."

"ஏன்டா?"

நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வடக்குச் சுவர் ஒட்டடையை அடிக்கப் போனேன்.

முதலாளி இருந்ததில் நல்ல மணவறையாகப் பார்த்து, வாடகை வாங்காமல் லோரியில் ஏற்றி அனுப்பினார். என்னையும் அன்றே அனுப்பிவிட்டார். டெலிபோனுக்கு ஆள் வேண்டுமே, எனக்கென்று வைத்திருந்த நாற்காலி அவளுக்குப் போனது. நானே கெஞ்சிக் கேட்டிருந்தால்கூட அவளுக்கு அது கிடைத்திருக்காது.

நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். நூல் போட்டுக் கட்டிய சின்ன அட்டைக் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்தாள். குத்துவிளக்கு, ரோஜா விளக்கு, யானை ஜமக்காளம், மயிலைத் தவிர எல்லா அட்டைகளும் அதில் இருந்தன.

"நீங்க சொன்னதையெல்லாம் தினமும் சாயங்காலம் தட்டுல போய்ப் பார்ப்பேன். இல்லாததையெல்லாம் பெட்டியிலேருந்து எடுத்து வச்சுட்டேன்" என்றாள்.

"மயிலை மட்டும் ஏன் விட்டீங்க?"

"எடுத்துட்டா அது இல்லாமப் போயிடுமே."

எனக்குச் செங் பக்கம் ஒரு பலகை ஆலையில் வேலை கிடைத்தது. சுதந்திரமும் வந்தது. ஊரில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்தவர்கள் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள், நாற்காலிகளும் கிட்டங்கிக்குத் திரும்பியிருக்கும். ஆலை ஆபீசில் ஒரு டெலிபோன் இருந்தது. பல நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு நாள் எடுத்துக் கிட்டங்கியைக் கூப்பிட்டுவிட்டேன். அவள் குரல்தான். நான் யாரென்று சொல்லவில்லை.

"மயில் தோகை வச்ச மணவறை ஒண்ணு இருக்குமா?"

பெட்டியைத் திறக்கிற ஓசை கேட்கவில்லை.

"இருக்கு. வடக்குச் சுவர் ஓரம். எந்தத் தேதிக்கு வேணும்?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தேதியை நான் யோசித்தே வைத்திருக்கவில்லை.