முதலில் தண்ணீர், பிறகு தலை

1,870. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேனா போன்ற ஒரு கருவியைப் பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் விட்டு, அதன் முகப்பில் தெரிந்ததை அனுசுயா உரக்கப் படித்தார். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் மீட்டர் அது. சுத்திகரிப்பு மெஷின் விற்க வீடு வீடாக வருகிறவர்களின் சட்டைப்பையில் பார்த்திருப்பீர்கள். ஐந்நூறைத் தாண்டினாலே குடிக்க யோசிக்க வேண்டும். நாற்காலியில் கூந்தலை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த நிர்மலாவைப் பார்த்து, "இதுல குளிக்கிறியா, ஊறுகா போடுறியா?" என்றார்.

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அனுசுயாவின் பார்லர். போர்டில் மணப்பெண் அலங்காரம், ஃபேஷியல் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் வேறு காரியத்துக்கு வருகிறார்கள். நரைக்குக் கறுப்புச் சாயம் போட்டிருப்பார்கள். சில வாரத்தில் நெற்றியோரத்திலிருந்து அது பழைய செப்புக் குடம்போல ஆரஞ்சாகத் திரும்பியிருக்கும். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஏதோ திருடியவர்கள்போல மாடிப்படி ஏறுவார்கள். அந்த ஆரஞ்சை எடுப்பதில் அனுசுயாவை மிஞ்ச இந்தத் தாலுகாவில் ஆள் இல்லை.

ஆனால் ஒரு சட்டம். குளிக்கிற குழாயிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வர வேண்டும். இல்லாவிட்டால் தலையைத் தொட மாட்டார். காரில் வந்து இறங்கிய ஒரு பெரிய அதிகாரியின் மனைவியிடமும் அதே பேச்சுதான். "தல வந்துட்ச்சி, சரி. தண்ணி எங்க?" அந்த அம்மா திரும்பிப் போய்ப் பாட்டிலோடு வந்தார்.

இந்தச் சட்டம் பொதட்டூர்பேட்டையில் பிறந்தது. அனுசுயாவின் அப்பா லுங்கித் தறிக்கு நூல் சாயம் போட்டவர். "எங்க நைனா கெணறு மாத்தனா மொதல்ல ஒரு கண்டு நூல நனைச்சிப் பாப்பாரு. தண்ணி செரியில்லன்னா அடுப்பே மூட்ட மாட்டாரு. நூலுக்கே தண்ணி பாப்பாங்க. பொம்பள தலைக்குப் பாக்கக் கூடாதா?" மீட்டர் உப்பைச் சொல்லும், இரும்பைத் தனியாகச் சொல்லாது. அதற்காகப் பிளாஸ்க்கில் கொஞ்சம் டீ டிகாஷன் வைத்திருக்கிறார். பாட்டில் தண்ணீரை அதில் ஊற்றுவார். மை போலக் கறுத்தால் இரும்பு இருக்கிறது. நிர்மலாவின் தண்ணீரை ஊற்றியதும் கறுத்தது.

தொழில் என்று பார்த்தால் நிதானமான கை. முதலில் உப்பை இறக்கும் ஷாம்பு. பிறகு ஆரஞ்சை அடக்குகிற நீலச் சாயத்தை நீர்க்கக் கரைத்து, ஆரஞ்சு தெரிகிற இடத்தில் மட்டும் பிரஷ்ஷால் இழுப்பார். கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். ஆரஞ்சின் மேல் மறுபடியும் கறுப்பை அப்பி அனுப்புகிற பார்லர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் பிரஷ் நின்றுவிடும். "ஓட்டக் கூரைக்கு உள்ள இருந்துகினு பெயின்ட் அடிக்கிறவங்க" என்பார்.

நிர்மலாவுக்கு இது மூன்றாவது முறை. சரியாகப் போட்ட நீலம் பத்தே நாளில் போய்விடுகிறது. "நான் ஏத்தறத உங்க கொழா எறக்கிகினு போவுது. எனக்கு வேல கெடைக்குது, சரி. வெக்கமா இருக்குது."

நிர்மலா ஒரு பெரிய நகைக் கடையில் பதினோரு ஆண்டுகளாக விற்பனைப் பெண். பெயர் வேண்டாம், பெயர் போட்டால் அதையும் விளம்பரமாக்கிக்கொள்வார்கள். பெண்களுக்குத் தலையில் நரை தெரியக் கூடாது என்பது அங்கே விதி. ஆண்களுக்கு விதி இல்லை. மேலாளர் கௌதமனின் தாடி பாதி வெள்ளை. அதற்குப் பெயர் அனுபவமாம். சாயப் பாக்கெட்டைக் கடையே கொடுக்கிறது. பைபாஸ் ஓரத்தில் தங்க ஹாஸ்டலும் கொடுக்கிறது. அங்கே குளிக்கக் கொடுக்கிற தண்ணீர்தான் நான் முதல் வரியில் சொன்னது. நகை மேல் அடிக்கிற வெள்ளை விளக்கு தலையிலும் அடிக்கிறது. அதில் ஆரஞ்சு முடி எரிகிற மாதிரி தெரியும். வாங்க வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்களாம்.

நரைத்தால் குற்றம். சாயம் போட்டு, அவர்கள் தண்ணீரில் அது வெளுத்தாலும் குற்றம். "சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொள்கிறேன்" என்று ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து நிர்மலாவிடம் நீட்டிவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் கையெழுத்து. தொழிற்சங்கத்தில் இருந்த காலம் முழுக்க அந்த நான்கு சொற்களைப் பார்த்திருக்கிறேன். சொந்தமும் இருக்காது, விருப்பமும் இருக்காது.

கீழே ஜெராக்ஸ் எடுக்க வந்தவன் நான். விஷயம் காதில் விழுந்து மாடி ஏறி, தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதித் தருகிறேன் என்றேன். அனுசுயா பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எழுதுங்க, நல்லா எழுதுங்க. அது போயி பதில் வர்றதுக்குள்ள ஆபீசருக்கே நரச்சிடும்."

நிர்மலா அழவில்லை. "அக்கா, பையன் பாலிடெக்னிக் கடசி வருசம். இந்த ஒரு வருசம் ஓட்டிட்டா போதும்" என்றாள். அனுசுயா அவள் தலையைத் துவட்டிவிட்டு, "சனிக்கெழம நானும் வரேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களும் வாங்க. வந்து சும்மா நில்லுங்க. வாயத் தொறந்தா மீட்டிங் ஆயிடும்."

சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்குப் போனோம். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. உள்ளே பெண்கள் நகைத் தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கௌதமன் கடிதத்தைக் கவுன்டர் மேல் வைத்து, அதன் மேல் பேனாவையும் வைத்திருந்தார். குரலில் நல்ல மரியாதை. எனக்கு அதுதான் ஆகாது.

"மேடம், இது எங்க ஸ்டாஃப் விஷயம். நீங்க யாரு?"

"இவங்க தலைக்கு வைத்தியம் பாக்கறவ" என்றார் அனுசுயா. பையிலிருந்து ஹாஸ்டல் பாட்டிலை எடுத்து வைத்து, மீட்டரை விட்டுக் காட்டினார். "ஆயிரத்து எண்ணூத்து எழுவது. இதுல எந்தக் கலருங்க நிக்கும்?"

"தண்ணிய நாங்களா செய்யறோம்? ஊர் தண்ணியே அப்படித்தான். நல்ல தண்ணிக்கு எங்க போறது? எல்லாருக்கும் ஒரே போர்வெல்தான். நாங்க பாகுபாடு பாக்கறதில்ல."

நிர்மலா பேனாவை எடுத்துவிட்டாள். அனுசுயா அவள் பக்கம் திரும்பவில்லை. அவர் பார்வை கண்ணாடிப் பெட்டிகளைத் துடைக்க வந்து நின்ற ஜெயம்மாளின் வாளியில் இருந்தது. அப்போதுதான் பிடித்து வந்த தண்ணீர். துணிகூட இன்னும் நனையவில்லை.

"ஏம்மா, இது எந்தத் தண்ணி?"

"மெஷின் தண்ணிம்மா. மேல மாடியில மெஷின் இருக்குது. போர் தண்ணி பட்டா கண்ணாடி வெள்ள வெள்ளயா திட்டு பூத்துடுது. சார்தான் இதுல தொடைக்கச் சொன்னாரு."

"கண்ணாடிக்கு?"

"ஆங், கண்ணாடிக்குத்தான்."

கௌதமன், "ஜெயம்மா, நீ உள்ள போ" என்றார். ஜெயம்மாள் போகவில்லை. வாளியைத் தூக்கிக் கவுன்டர் மேல், அந்தக் கடிதத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார். தட்டு அடுக்கிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. நான் வாயைத் திறக்கவில்லை. அது எளிதாக இல்லை.

அனுசுயா மீட்டரை உதறித் துடைத்து, வாளிக்குள் விட்டார். எண் நிற்கும்வரை காத்திருந்தார். தான் படிக்காமல் அதை நிர்மலாவிடம் நீட்டினார்.

நிர்மலா பேனாவை மூடிக் கௌதமன் பக்கம் தள்ளிவிட்டு, மீட்டரை வாங்கினாள். பதினோரு ஆண்டுகளாக வாடிக்கையாளருக்கு நகையின் எடையைச் சொல்லும் அதே குரலில், கடை முழுவதும் கேட்கப் படித்தாள்.

46.